கை நின்ற இடங்கள்

பிப்ரவரி 1, சனி

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ஜெசி எவ்வளவு நேரம் தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று தினமும் இரண்டு வரி குறித்து வைத்தால் அடுத்த முறை வரும்போது உதவும் என்றார். இருபத்து நான்கு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவளிடம் தரவு கேட்டால் எப்படி மறுப்பது? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது.

தூக்கம் ஏழு மணி நேரம். காலையில் இட்லி மூன்று. மதியம் ரசம் சாதம், பாதி. சென்னையிலிருந்து, அவள் பாட்டுகளுக்கு இசையமைக்கும் கிருபா போனில் பேசினான், இருபது நிமிடம். ஒரு முறை சிரித்தாள்.

டாக்டர் இதைப் படிக்கக்கூடும் என்பதால்: ஜெசிந்தா என் தங்கை. நாற்பத்திரண்டு வயது. பாடகி. போன ஜூலையிலிருந்து திருச்சியில், பாலக்கரை வீட்டில் என்னோடு இருக்கிறாள். ஜூலையைப் பற்றிய காகிதங்கள் எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே இருப்பதால் இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

தூக்கம் ஆறரை மணி. ஆப்பம் நான்கு. பூசைக்கு வந்தாள், பாடகர் குழுவோடு நிற்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு பாட்டுகள் முழுதாக வந்துவிடும் என்றாள். "வெங்காயம் ஒரு கிலோ வாங்கி வச்சிடுக்கா." சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இதையும் விளக்க வேண்டும். வாரத்துக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மொத்தமாக உரித்து டப்பாவில் போட்டுவிடுவது என் வழக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெசியும் கிருபாவும் சேர்ந்து பதினொரு பாட்டு செய்திருந்தார்கள். சினிமாவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தவள் தன் பெயரில் போடும் முதல் ஆல்பம். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் திருச்சிக்கு வந்து என் சமையலறையில் போட்டுக் காட்டினாள். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. கேட்டுக்கொண்டே உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் ஜெசி சட்டென்று நிறுத்திவிட்டு, "அக்கா, உன் கை நின்னுடுச்சு" என்றாள். பார்த்தேன். பாதி உரித்த வெங்காயம் விரலுக்கிடையில் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அதுதான் விதி. கை நின்றால் பாட்டு நிற்கும். பதினொன்றில் ஆறு தேறியது. தள்ளப்பட்டதில் மூன்று தன் உயிர் என்று கிருபா சண்டை போட்டான். "வெங்காயக் கமிட்டி தீர்ப்புக்கு அப்பீல் கிடையாதா அக்கா?" என்று இன்றைக்கும் கேட்பான். அந்த ஆறு பாட்டுதான் 'ஆறு மணி வெயில்'. என் மாணவிகள் கல்லூரிப் பேருந்தில் அதைப் பாடிக்கொண்டு போகிறார்கள். பாடியது என் தங்கை என்று நான் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் கல்யாணம், குரல்நாணில் ஆபரேஷன், பிரிவு. பிறகு ஜூலை. இப்போது இரண்டாவது ஆல்பம். 'தூரத்து அறை'. நவம்பரிலிருந்து நான்கு முறை அவளைச் சென்னைக்கு அழைத்துப்போய், ஸ்டுடியோ வெளியறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு காத்திருந்தேன். கதவு தடிமன். உள்ளே என்ன பாடினாள் என்று ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

பிப்ரவரி 5, புதன்

தூக்கம் ஏழு. குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கழன்றது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும். அதுவரை வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தூக்கம் நாலரை மணிதான். காலையில் காபி மட்டும்.

பூசைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு மேசையில் செய்தித்தாளை விரித்து வெங்காயத்தைக் கொட்டினேன். ஜெசி எதிரில் உட்கார்ந்து சின்ன ஸ்பீக்கரை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தாள். மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள், ஒன்பது பாட்டு முடியும்வரை.

ஏழு பாட்டுக்குக் கை நின்றது. இரண்டுக்கு நிற்கவில்லை. அந்த இரண்டை எடுத்துவிட முடிவாயிற்று.

ஜெசி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வெங்காய நெடி என்றாள். கிருபாவுக்குப் போன் போட்டு, "கமிட்டி ஏழு பாஸ் பண்ணிடுச்சு" என்றாள். அவன் அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. மதியம் மீன்குழம்போடு இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஜூலைக்குப் பிறகு இதுவே அதிகம்.

ஒன்பதாவது பாட்டு முடிவதற்குள் ஒரு கிலோவையும் உரித்து முடித்திருந்தேன். போன தடவை, பதினொரு பாட்டுக்கும் பாதிகூட ஆகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தூக்கம் எட்டு மணி நேரம். நேற்றைய குறிப்பில் திருத்த எதுவும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தூக்கம் ஏழரை. தோசை மூன்று. மாலையில் மாடியில் நடந்தாள்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கள ஆய்வு அறிக்கை கொடுத்தாள். நூறு குடும்பங்களிடம் மாதம் எத்தனை லிட்டர் பால் வாங்குகிறார்கள் என்று கேட்டதாகச் சொன்னாள். அட்டவணையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஒரு வீட்டுக்கும் போகவில்லை. எல்லா எண்ணும் ஒரே சீராக இருந்தது. கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டாள். எப்படி மிஸ் கண்டுபிடிச்சீங்க என்றாள். உண்மையான தரவு கோணலாக இருக்கும், ஒரு வீட்டில் கல்யாணம் இருக்கும், ஒரு வீட்டில் ஆளே இருக்காது, கற்பனை செய்கிறவர்களுக்கு அந்தக் கோணல் வராது என்று சொல்லி, மறுபடி போய்வரச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அந்தப் பெண்ணின் முகமே நினைவில் நின்றது. அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 26, புதன்

தூக்கம் ஏழு. அட்டைப்படம் வந்துவிட்டது. நீலச் சுவர், ஒரு நாற்காலி, ஜெசியின் முதுகு. மார்ச் 21 வெள்ளிக்கிழமை வெளியீடு. அறிவிப்பு போட்ட இரண்டு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். 'பன்னிரண்டு வருடக் காத்திருப்பு' என்று எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதுகிறார்கள்.

அவளுடைய மாத்திரை டப்பாவை என் பீரோவில் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் எடுத்துக் கொடுப்பேன். பீரோத் தட்டைத் துடைக்கும்போது எண்ணியதில் நாற்பத்திரண்டு. சரியாக இருந்தது.

ஆசாரி கிடைக்கவில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

இன்று ஒரு சந்தி. ஒரு வேளை உணவு. இருவரும் காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

பிப்ரவரி 9 குறிப்புக்குத் திருத்தம். கை நிற்கவில்லை. நான் நிறுத்தினேன்.

ஒன்பதில் ஒன்றுக்குக்கூட நிற்கவில்லை. முதல் பாட்டு தொடங்கி ஒரு நிமிடத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் வயலின். குரலைச் சலவைக்குப் போட்டு இஸ்திரி போட்டதுபோல வைத்திருந்தார்கள். பழைய ஆல்பத்தில் ஜெசி ஒரு வரி பாடிவிட்டு மூச்சு வாங்குவது கேட்கும், அடுத்த வரி வருமா வராதா என்று இருக்கும். இதில் எல்லா வரியும் வந்துகொண்டே இருந்தது. நன்றாக இருக்கிறேன் பார், நன்றாக இருக்கிறேன் பார் என்று வந்துகொண்டே இருந்தது. என் விரல்கள் தம் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும் என்னைப் பார்த்தாளே, அதே கண்.

நிறுத்தினேன். அடுத்ததிலும் நிறுத்தினேன். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டைத் தள்ளினேன்.

இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்ட முடியாது.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் ஆறு. இன்று தவக்கால வெள்ளி, கறி இல்லை. தக்காளிச் சாதம்.

துறையில் நசீமா மட்டுமே விஷயம் தெரிந்தவள். இருபது வருடமாகப் பக்கத்து நாற்காலி. அவளிடம் ஆல்பம் எடுபடாது என்று சொன்னேன். கையை நிறுத்தியதைச் சொல்லவில்லை. "உனக்கு எதுலதான் நம்பிக்கை இருந்திருக்கு, பிலோ? மழை வரும்னு சொன்னாக்கூட எத்தனை சதவீதம்னு கேப்பே" என்றாள். சராசரிக்குத் திரும்புதல் என்று ஒன்று இருக்கிறது, அதை நீயும்தான் நடத்துகிறாய் என்றேன். ஒருவர் முதல் தடவை மிக உயரத்தில் போனால் அதில் திறமை பாதி, அன்றைய அதிர்ஷ்டம் பாதி. இரண்டாவது தடவை அதிர்ஷ்டம் கூட வராது. கேட்பவர்கள் அதை வீழ்ச்சி என்கிறார்கள். அது வெறும் கணக்கு.

நசீமா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "கணக்கு சரி. ஜெசி தாங்குவாளா?" என்றாள்.

நாங்கள் எம்.எஸ்ஸி. படிக்கும்போது மெல்லிசைக் குழு ஒன்றின் முதல் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டோம். இரண்டாவது கேசட் வந்த அன்றே சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் வரிசையில் நின்று வாங்கினோம். போட்டுக் கேட்டதும் நசீமா, "உன் பிளேயர்ல பெல்ட் லூஸா இருக்குடி" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். பெல்ட் மாற்றினேன். ஹெட்டைத் துடைத்தேன். நன்றாக இல்லை என்று எங்களுக்குள் ஒத்துக்கொள்ள ஒரு மாதமானது. அதற்குப் பிறகு அந்தக் குழுவின் பழைய கேசட்டைக்கூட நான் போடவில்லை. நானெல்லாம் எவ்வளவு சுலபமாகக் கைவிட்டேன். அந்தப் பாடகர்களில் ஒருவருக்கு அக்கா இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

இன்னும் ஏழு நாள். வெளியீட்டை நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

கல்லூரி முகாமில் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 150/96. வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

விடுப்பு எடுத்தேன். பல்வலி என்று எழுதிக் கொடுத்தேன்.

காலை எட்டு மணிக்கு வெளியானது. முதல் ஒரு மணி நேரம் எல்லாம் இதயம், பூங்கொத்து, கைதட்டல். கேட்டுவிட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. ஏழு பாட்டும் சேர்ந்து முப்பத்தோரு நிமிடம், இதயங்கள் மூன்றாவது நிமிடத்திலேயே வந்துவிட்டன. பதினொரு மணிக்கு மேல் தொனி மாறியது. 'ரெண்டாவது தடவை கேட்டா பிடிக்கும்னு நினைக்கிறேன்.' 'என் ஹெட்போன் சரியில்லையோ.' மாலைக்குள் ஒருவர் நேராகவே எழுதிவிட்டார்: 'பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது இதுக்கா?' அதற்குக் கீழே நானூறு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள்.

ஜெசி மதியம் சாப்பிட்டாள். மாலையில் துணி மடித்தாள். என் புடவைகளையும் சேர்த்து மடித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஜூலையில் அவளுடைய சென்னை வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாத் துணியும் மடித்து வைத்திருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

தூக்கம் தெரியவில்லை. கதவைச் சாத்தியிருந்தாள்.

இணையதளம் ஒன்றில் விமர்சனம் வந்திருக்கிறது. 'இந்தத் தொகுப்பில் குரல் இருக்கிறது, ஆள் இல்லை.' எழுதியவர் யாரென்று தெரியாது. சரியாக எழுதியிருக்கிறார். அதனால்தான் இன்னும் கோபம்.

வெங்காயம் உரிக்கவில்லை. போன வாரத்து மிச்சம் இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் வைஃபை பெட்டியின் பின்பக்கக் கம்பியைக் கொஞ்சம் இழுத்து வைத்தேன். மூன்று நாளாக இப்படித்தான். லைன் பழுது, ஆள் வருவார்கள் என்று சொல்லியிருந்தேன்.

மாலையில் வந்தபோது ஜெசி கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அக்கா, என் போன்ல டேட்டா இருக்கு. எல்லாத்தையும் படிச்சிட்டேன். பாவம், அந்தக் கம்பியை மாட்டிடு. உன் சீரியல் மூணு எபிசோட் போயிருச்சு" என்றாள்.

மாட்டினேன். இரவுக்குக் கீரைக்கூட்டு. இரண்டு பேரும் விமர்சனத்தைப் பற்றிப் பேசவில்லை. கிருபா போனை எடுக்க மாட்டேன் என்கிறானாம். ஒரு விஷயம் கவனித்தேன்: புது ஆல்பத்தின் எண்ணிக்கை நின்றுவிட்டது, பழைய 'ஆறு மணி வெயில்' ஏறுகிறது. ஏமாந்தவர்கள் திரும்பிப்போய் அதைக் கேட்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

மாத்திரை பதினெட்டு இருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். குறைந்தால் என்ன செய்வதென்று யோசித்து வைத்திருக்கிறேன். கூடினால் என்ன செய்வது? என் கண் முன்னால்தான் விழுங்குகிறாள். பிழை என்னுடையதாக இருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டும். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும்.

காலையில் தலைவலி, பூசைக்கு நீ போய் வா என்றாள். போயிருக்கக் கூடாது. பிரசங்கம் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். வீடு பூட்டியிருந்தது. என் சாவியால் திறந்தேன். கூப்பிட்டேன். அவள் அறையில் போன் மேசைமேல் இருந்தது. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளினேன். வாளி இல்லை, சுலபமாகத் திறந்தது. உள்ளே யாருமில்லை.

தெருமுனைக்கு வந்து ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலம் என்றேன். பாலத்தில் ரிப்பேர் வேலை எந்த அளவில் இருக்கிறதென்று பார்க்க வேண்டியிருந்தது. மெதுவாகப் போகச் சொன்னேன். கைப்பிடிச் சுவரை ஒட்டியே போகச் சொன்னேன். அந்தப் பக்கம் போய்த் திரும்பி இந்தப் பக்கமாகவும் வரச் சொன்னேன். ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "யாரையாவது தேடுறீங்களா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். என் பாதத்தைப் பார்த்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

சரி. பாலத்து வேலையைப் பார்க்கப் போகவில்லை.

திரும்பி வந்தபோது வீடு திறந்திருந்தது. ஜெசி சமையலறையில் நின்று துணிப்பையிலிருந்து சின்ன வெங்காயத்தை மேசையில் கொட்டிக்கொண்டிருந்தாள். காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். போனை மறந்துவிட்டாளாம். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள்.

"எங்கே போய்த் தேடினே?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள்.

எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒன்னு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதே. அன்னைக்கு நீ நிறுத்தினது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏழு பாட்டுலயும் ஒரே இடத்துல நிறுத்தினே அக்கா. ரெண்டாவது தடவை பல்லவி வந்து முடியும், உன் கை நிக்கும். எட்டு எண்ணுவே. திரும்ப ஓடும். ஏழு பாட்டுலயும். போன ஆல்பத்துல எங்கெங்க நின்னுச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஒன்னுல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் செருமினேன், அங்கே நின்னுச்சு. ஒன்னுல புல்லாங்குழல் முடிஞ்சப்புறம் ஒன்னுமே இல்லாத இடத்துல."

ஒரே சீராக இருந்ததாம். அந்த இரண்டாம் ஆண்டு மாணவியை நினைத்துக்கொண்டேன்.

தெரிந்தும் ஏன் வெளியிட்டாய் என்று கேட்டேன்.

"நீ பொய் சொன்னேன்னா பாட்டு சரியில்லைன்னு அர்த்தம். அது எனக்கும் உள்ளுக்குள்ள தெரியும். ஆனா நீ பொய் சொல்ற ஆளே இல்லையே. அப்பா பிழைக்க மாட்டார்னு அப்பாகிட்டயே சொன்னவ நீ. அவ்வளவு பயந்துபோய் இருக்கே. பாட்டை நிறுத்திட்டேன்னா, உன் பயம் சரிதான்னு ஆயிடுமே. அதான் போட்டேன். நீ கொஞ்சம் தூங்குவேன்னு." வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "நீ என்னைக் காப்பாத்துறேன்னு நினைச்சே. நான் உன்னைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன். நடுவுல ஆல்பம் செத்துப்போச்சு."

செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டாள். எட்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத வார்த்தை. பூனை, கரப்பான் பூச்சி எதையுமே அந்த வார்த்தையால் சொன்னதில்லை. ஜெசிதான் முதலில் சிரித்தாள். அழுகையும் கலந்திருந்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, வயலின் அதிகம் என்றேன். "அதிகமா? கிருபா ஒரு கல்யாண மண்டபத்துக்கே வயலின் வாங்கிட்டான்" என்றாள்.

பிறகு எழுந்து அவள் அறைக்குப் போனாள். பின்னாலேயே போகலாமா என்று நான் யோசிப்பதற்குள் திரும்பி வந்தாள். கையில் அதே மாத்திரை, பழைய அட்டை. சென்னை மருந்துக்கடைச் சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது. ஓர் அறை காலி.

"நீ எண்றியான்னு பாக்கறதுக்கு, மாத்திரை குடுக்கறப்ப நீ தண்ணி எடுக்கப் போன நேரம், இதுலேர்ந்து ஒன்னை டப்பால போட்டேன். எண்றே. மிச்சம் ஒன்பது இருக்கு. ஜூலையிலேர்ந்து என் ஹேண்ட்பேக் உள்பையில இருந்துச்சு." மேசைமேல், வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீயே வச்சுக்க."

நான் தினமும் அந்தப் பையைத் தூக்கி மாட்டியிருக்கிறேன். பீரோவைப் பூட்டி, எண்ணி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லூரிக்குப் போயிருக்கிறேன்.

"ஏன் வச்சிருந்தே?" என்றேன்.

"தெரியல அக்கா. இருக்குன்னு இருக்கட்டும்னு. இப்ப வேணாம். நாளைக்கு எப்படின்னு கேக்காதே. இன்னைக்கு வேணாம்."

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 31, திங்கள்

டாக்டரிடம் நேரம் வாங்கி, அட்டையை அங்கேயே கொடுத்துவிட்டோம். டப்பாவில் கூடுதலாக இருந்த ஒன்றையும். ஜெசியே பேசினாள். நான் வெளியில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறையும் கதவு தடிமன். எனக்கும் அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ஜெசி எண்ணப் போகிறாளாம்.

ஏப்ரல் 12, சனி

தூக்கம் ஏழு. டைரி எழுதுவது ஜெசிக்குத் தெரியும் என்று இன்று தெரிந்தது. "இட்லி எத்தனைன்னு எழுதறப்ப சட்னி என்னன்னும் எழுது, டாக்டருக்கு ருசி தெரியட்டும்" என்கிறாள். தேங்காய்ச் சட்னி.

கிருபா வந்திருந்தான். மெலிந்துவிட்டான். ஆல்பம் விழுந்ததற்குத் தான்தான் காரணம் என்று தொடங்கினான். ஜெசி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் என்னைப் பார்த்து, "கமிட்டியிலயே கள்ள ஓட்டா அக்கா?" என்று மட்டும் கேட்டான். அவன் தட்டில் கூடுதலாக ஒரு மீன் வைத்தேன்.

போகும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவை உண்மையைச் சொல்லிடுங்க. நான் அழுதுட்டு எழுந்துருவேன்" என்றான். ஜெசியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம். தூக்கம் ஏழு. ஆப்பம் மூன்று, தேங்காய்ப்பால்.

பூசை முடிந்து வந்ததும் செய்தித்தாளை விரித்தேன். ஜெசி போனோடு வந்து உட்கார்ந்தாள். கிருபா இல்லை, வயலின் இல்லை. மாடியில் காலை வேளைகளில் தானாகப் பாடி, போனிலேயே பதிவு செய்திருக்கிறாள். மூன்று இருக்கிறது என்றாள்.

முதல் பாட்டு. 'தூரத்து அறை'யைவிட நல்லது. ஆனாலும் என் விரல்கள் தம் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தன. அவள் கையைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஒரு விநாடி நிறுத்தினால் போதும். நான் உரித்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்தது. "நிக்கல" என்றேன்.

"ம்" என்று அழித்துவிட்டாள். "அடுத்தது."

அதற்கும் நிற்கவில்லை. சொன்னேன். "அடிப்பாவி" என்றாள். மூன்றாவதைப் போடவில்லை. அது தனக்கே பிடிக்கவில்லை என்றாள். எழுந்து சோம்பல் முறித்தாள். நான் அவள் முகத்தைத் தேடித்தேடிப் பார்த்தேன். அசதி இருந்தது. அவ்வளவுதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"குளிச்சிட்டு வரேன். அந்தத் தாழ்ப்பாள் ஸ்க்ரூ நாலும் எங்கே இருக்கு?"

துருப்பிடித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆகஸ்டில் நானே கழற்றியது. "என் பென்சில் டப்பாவுல" என்றேன்.

எடுத்து வந்தாள். தாழ்ப்பாளும் அதிலேயே இருந்தது. கத்தி முனையாலேயே திருகிப் பொருத்தினாள். நான் உரித்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கை நின்றது.

கடிகாரம் தலைக்கு நேர் மேலே சுவரில் இருக்கிறது. பார்க்கவில்லை. குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் ஏதோ முனக ஆரம்பித்தாள். வார்த்தை இல்லை. ஒரு வரி மாதிரி மேலே போய், மூச்சு வாங்கி, நின்றது. அடுத்த வரி வருமா என்று இருந்தது. வந்தது.

தாழ்ப்பாள் திறந்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மேசையைப் பார்த்தாள். பாதி உரித்த வெங்காயம் என் விரலுக்கிடையில் அப்படியே இருந்தது.

"எதுக்கு நின்னுச்சு?" என்றாள். "தாழ்ப்பாளுக்கா, பாட்டுக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

"தண்ணிச் சத்தத்துல சரியாக் கேக்கல. உக்காந்து இன்னொரு தடவை பாடு" என்றேன்.